எல்லாருக்கும் ஒரே நோயாளி

தையல்காரம்மாவிடம் யாராவது, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில இருக்கார்" என்பாள். கேட்டவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். "அடப்பாவமே, உடம்புக்கு என்ன?" என்பார்கள். "தூக்கம் வராது. அதுக்கு சம்பளம் தர்றாங்க" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள். அதற்கு மேல் யாரும் வாயைத் திறந்ததில்லை.

அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. மருத்துவக் கல்லூரியில் அவருக்கு 'மாதிரி நோயாளி' உத்தியோகம், பரீட்சைக்கு நோயாளியாக நடிக்க வேண்டும். பாதி ஆயுசை நாடக மேடையில் ராஜாவுக்குப் பின்னால் நிற்கும் மந்திரியாகவே கழித்தவர். கம்பெனி படுத்துக்கொண்டதும் இந்த வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மருந்து தெரிகிறதா, கத்தி பிடிக்க வருகிறதா என்று பார்க்க வேறு பரீட்சைகள் உண்டு. இது வேறு மாதிரி. நோயாளியிடம் மனுஷனாக நடந்துகொள்ள வருகிறதா, அவன் மனசில் அடைத்துக்கொண்டு கிடப்பதை வெளியே எடுக்கத் தெரிகிறதா என்று அளந்து பார்க்கிற பரீட்சை. அளப்பது என்றால் ஏதோ கண்ணளவு இல்லை. இரக்கத்தைக் கால் மதிப்பெண் சுத்தமாக அளந்து கையில் கொடுத்துவிடுவார்கள். நாள் முழுக்கக் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு திரிகிற தையல்காரம்மாவே எந்தச் சட்டையையும் அவ்வளவு நுணுக்கமாக அளந்தவள் இல்லை.

அவர் போடும் வேஷம் இதுதான். தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் வருவார். உள்ளுக்குள் ஒரு கவலை இருக்கும்: பெற்ற மகன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டான், போன் போட்டாலும் எடுப்பதில்லை. அதைத் தானாகச் சொல்லிவிடக் கூடாது. "உங்க மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லுங்களேன்" என்று மாணவன் பதமாகக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அப்போதுதான் மகன் வெளியே வருவான். "கவலை கிவலை ஏதாவது இருக்கா?" என்று பறந்துகொண்டு கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று கையை விரித்துவிட வேண்டும். இது முதல் விதி.

இரண்டாவது விதி இதைவிடப் பெரியது. எல்லாருக்கும் ஒரே நோயாளி. முதலில் வருகிறவனுக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே இடத்தில் அதே பெருமூச்சு, அதே கண்ணில் அதே சொட்டு கடைசியில் வருகிறவளுக்கும் கிடைக்க வேண்டும். ஒருத்தருக்கு ஒரு சொல் கூடக் கிடைத்துவிட்டால் அளவு கோணிப்போய்விடும், மற்றவர்கள் கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள். அவர் இதில் புலி. அவர் கண்ணீரில் பிசகு கண்டுபிடித்தவர் இதுவரை பிறக்கவில்லை.

வீட்டில் ஒத்திகைக்கு டாக்டராக உட்காருவது அவள்தான். அந்த வசனம் முழுக்க அவளுக்கும் மனப்பாடம். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. இருந்தாலும் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, அந்த ஓடிப்போன மகன்மேல் அவளுக்கு நிஜமாகவே ஆத்திரம் உண்டு. "எங்கயாவது கண்ல படட்டும், செவிட்டுல ரெண்டு வைக்கிறேன்" என்று காஜா எடுத்துக்கொண்டே சொல்லுவாள்.

இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். வம்பு என்னவென்றால், அந்த உத்தியோகம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரத் தெரியாமல் நேரே வீட்டுக்குள் வந்துவிட்டது. "ஏங்க, ஒரு மாதிரி இருக்கீங்க, தலைவலியா?" என்று கேட்பாள். "பதிலை நீயே வாயில ஊட்டி விடுற. அஞ்சுக்கு ஒண்ணு" என்பார். "சாப்பிட வர்றீங்களா இல்லையா?" என்பாள். "ஆமா இல்லன்னு அடைச்சுட்ட. அஞ்சுக்கு அரை" என்பார். ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது. பிறகு கரண்டியைத் தூக்கி எறியலாமா என்று இருந்தது. அதற்கும் பிறகு பழகிவிட்டது.

பழகாத ஒன்று சமீபத்தில் நடந்தது. அவர் தன் பேன்ட்டைக் கொண்டுவந்து, "இடுப்பைக் கொஞ்சம் பிடிச்சுக் குடு" என்றார். பிடித்துக் கொடுத்தாள். கொஞ்ச நாள் கழித்து அதே பேன்ட்டை மறுபடியும் கொண்டுவந்தார். டேப்பைச் சுற்றிப் பார்த்தவளுக்குக் கை அப்படியே நின்றது. துணி பெரிதாகவில்லை, ஆள்தான் சிறுத்துக்கொண்டு போகிறார்.

"என்னங்க இது? உடம்புக்கு என்ன? எதை மறைக்கிறீங்க? சொல்லித் தொலைங்களேன்" என்றாள்.

"ஒரே மூச்சுல இத்தனை கேள்வியா? அதுவும் மிரட்டுற குரல். அஞ்சுக்கு ஜீரோ" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சரி, உன் வழிக்கே வருகிறேன் என்று அவள் முறைப்படி இறங்கினாள். நாற்காலியை எதிரே போடாமல் கொஞ்சம் சாய்த்துப் போட்டாள். கையில் இருந்த ஊசியைக்கூடக் கீழே வைத்தாள். "உங்க மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லுங்களேன்" என்று வெல்லத்தைக் கரைத்த குரலில் கேட்டுவிட்டு, வாயை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அவர் உதடு பிரிந்தது. சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல், "அக்கா, என் சட்டை ஆயிடுச்சா?" என்றது. அவள் வாய் பழக்கதோஷத்தில், "நாளைக்கு" என்று சொல்லிவிட்டது.

"ச்சே, கிட்ட வந்துட்டயே. அஞ்சுக்கு மூணு" என்று எழுந்து போனார் அவர். அன்றைக்கு அவள் அந்தச் சட்டைக்காரனைச் சபித்த சாபம் பலித்திருந்தால் அவனுக்கு இந்நேரம் போட்டுக்கொள்ள உடம்பே இருந்திருக்காது.

அவளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். அவள் பயந்து யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை கடையில் ஓடிக்கொண்டிருந்த சீலிங் ஃபேன் கழன்று அவளுக்கும் மெஷினுக்கும் நடுவே வந்து விழுந்தது. வாடிக்கையாளர்கள் தெருவுக்கு ஓடினார்கள். அவள் ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, பிடித்த தையலை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். தெருவில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பரீட்சை நாள் காலையில் அவர் வழக்கம்போலச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். டிபன் டப்பாவையும் ஸ்பூனையும் பையில் போட்டுக்கொண்டு அவளே கிளம்பினாள். ஸ்பூன் எதற்கு என்றால், மாணவர்கள் உள்ளே வந்ததும் நோயாளியிடம் கைகுலுக்கினால் அதற்குக் கால் மதிப்பெண் உண்டு. நோயாளியின் கையில் சாப்பாட்டு வாசனை அடித்தால் சில பேர் மூக்கைச் சுளித்துவிடுவார்கள், சில பேர் சுளிக்க மாட்டார்கள், அளவு கோணிப்போய்விடும்.

கல்லூரி மாடியில் அவளை எதிர்கொண்டது அளவுகோல் மேடம். இரக்கத்தை அளக்கும் அளவுகோலைக் கண்டுபிடித்த பேராசிரியை அவர்தான். மாணவர்கள் வைத்த பெயர், அவருக்கே அதில் பெருமை. கூடவே புள்ளி சார். புள்ளியியல் படித்தவர், எதைச் சொன்னாலும் ஒரு தசமப் புள்ளி வைக்காமல் விட மாட்டார். இருவரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பொதுமக்கள் சார்பில் ஒருவர் உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டும் என்பது விதியாம். வருவதாகச் சொன்ன பொதுமக்கள் வரவில்லையாம்.

"நீங்க பொதுமக்கள்தானே?" என்று கேட்டார் மேடம்.

"நான் அவரோட வீட்டுக்காரிங்க. சாப்பாடு குடுக்க வந்தேன்."

"மார்க் மாணவருக்குத்தானே, நோயாளிக்கு இல்லையே. என்ன சார்?"

"பாதிப்பு பூஜ்யம் புள்ளி பூஜ்யம்" என்றார் புள்ளி சார். அவ்வளவுதான். அவள் போனை வாங்கி டிராயரில் போட்டார்கள். சாப்பாட்டுப் பையோடு அவளை ஒரு குளிர்ந்த அறைக்குள் உட்காரவைத்து, தாங்களும் கூட இருந்துகொண்டு கதவைப் பூட்டினார்கள். பரீட்சை முடியும்வரை யாரும் உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது.

எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அடுத்த அறை தெரியும். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. அங்கே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. நோயாளி நாற்காலியில் அவள் வீட்டுக்காரர். அங்கே பேசுவது இங்கே ஸ்பீக்கரில் கேட்கும். அவள் கையில் ஒரே ஒரு கேள்வி உள்ள தாள்களைக் கொடுத்திருந்தார்கள்: இந்த மாணவரிடம் உங்கள் குடும்பத்தில் ஒருவரை அனுப்புவீர்களா? ஐந்துக்கு எத்தனை என்று போட வேண்டும்.

மணி அடித்தது. முதலில் ஒரு பெண் வந்தாள். வெள்ளைக் கோட்டில் கடை மடிப்புகூடக் கலையவில்லை. கைகுலுக்கினாள், பெயர் சொன்னாள், தலையை இடது பக்கம் சாய்த்தாள்.

"எல்லாரும் ஏன் இடது பக்கமே சாய்க்கிறாங்கன்னு தெரியல" என்றார் மேடம்.

"இதுக்கு ஒரு ட்யூஷன் நடக்குது. அந்த மாஸ்டருக்குக் கழுத்து சுளுக்கு" என்றார் புள்ளி சார். "ஆனா சாய்வு சாய்வுதான். மார்க் உண்டு."

அவர் தூக்கம் வரவில்லை என்றார். அந்தப் பெண், "உங்க மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லுங்களேன்" என்று அச்சடித்த மாதிரி கேட்டுவிட்டு மௌனமானாள். மௌனம் நீண்டது. மேடம், "ஆஹா, என்ன ஒரு மௌனம் பாருங்க" என்று உருகினார். தையல்காரம்மாவுக்குக் கண் கூர்மை. அந்தப் பெண்ணின் உதடு சத்தமில்லாமல் அசைவதைப் பார்த்தாள். அது மௌனமும் இல்லை ஒன்றும் இல்லை, அடுத்தது என்ன கேட்பது என்று பாவம் மறந்துபோய்த் தவிக்கிறாள்.

இவருக்கு அது எப்படித் தெரியும்? யாரும் இதுவரை அவருக்காக அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. பெருமூச்சு வரவேண்டிய இடத்தில் வந்தது. கண்ணீர் வரவேண்டிய கண்ணில் வந்தது. வாயில் மட்டும் மகன் வரவில்லை.

"ரெண்டு மாசமா வெளிக்குப் போகும்போது ரத்தம் போகுது டாக்டர். வீட்டுல சொல்லல. என் சம்சாரம் பயந்து நான் பார்த்ததே இல்ல. எது நடந்தாலும் நான் அவ மூஞ்சியத்தான் பார்ப்பேன். அவ சாதாரணமா இருந்தா, சரி, ஒண்ணும் இல்லன்னு விட்டுடுவேன். இதச் சொல்லி அவ மூஞ்சியில பயம் வந்துடுச்சுன்னா, அப்புறம் நான் யார் மூஞ்சியப் போய்ப் பார்க்கிறது?"

தையல்காரம்மா ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வசனம் ஏட்டில் இல்லை. ஏடு முழுக்க அவளுக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கோ போன உயிர் திரும்பி வந்தது. டிஷ்யூ பெட்டியை நீட்டினாள். "உங்க கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுது. கவலப்படாதீங்க, உங்க பையன் கண்டிப்பா வீட்டுக்குத் திரும்பி வருவான்" என்றாள். மணி அடித்தது. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"பையனைப் பத்தி அவர் வாயே திறக்கலையே" என்றார் மேடம்.

"பதில் சரி. நோயாளிதான் மாறிட்டார்" என்றார் புள்ளி சார்.

"மேடம்" என்றாள் தையல்காரம்மா. குரல் அவளுடையது மாதிரி இல்லை. "அவர் சொல்றது நிஜம்."

மேடத்துக்கு முகம் மலர்ந்தது. "பாருங்க சார், கட்டின பொண்டாட்டியே நம்புறாங்க. அதுதான் கலை."

"ஐயோ, இல்லைங்க. ஆள் இளைச்சுட்டே வர்றார். நான்தான் இடுப்பைப் பிடிச்சுக் குடுத்தேன்."

"வேஷத்துக்காக உடம்பையே குறைச்சிருக்கார்" என்று மேடம் புள்ளி சாரிடம் சொன்னார். இந்த ஜென்மங்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது? அவள் எழுந்தாள். அந்தக் கதவை உடைத்துக்கொண்டு போய் அந்த மனுஷனைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. எழுந்தவள் எதிரே கண்ணாடியைப் பார்த்தாள். அதில் மங்கலாக அவள் முகம் தெரிந்தது. கண் பிதுங்கி, உதடு வெளுத்து, அவளே இதுவரை பார்த்திராத ஒரு பொம்பளை. இந்த முகத்தோடா அவர் முன்னால் போய் நிற்பது? அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் அடுத்தவன் வந்துவிட்டான். நெட்டையன். நோயாளி இனி பழைய மகன் வசனத்துக்கே திரும்பிவிடுவார் என்றுதான் மேடம் எதிர்பார்த்தார். ஆனால் அந்த மனுஷன் தொழிலில் நாணயஸ்தர். முதல் பெண்ணுக்கு ரத்தத்தைச் சொல்லியாகிவிட்டது. இனி இவனுக்கு மகனைக் கொடுத்தால் அது அநியாயம் இல்லையா? வாய் தவறி வந்ததையே பாடமாக்கிக்கொண்டு, அதே பெருமூச்சு, அதே கண்ணீர், அதே வார்த்தையாகச் சொன்னார். "அப்புறம் நான் யார் மூஞ்சியப் போய்ப் பார்க்கிறது?"

"ஒரு இழை பிசகல" என்று புள்ளி சார் தொடையில் தட்டிக்கொண்டார். "ஒத்திசைவு பூஜ்யம் புள்ளி ஒன்பது ஒன்பது. தங்கமான மனுஷன்."

நெட்டையன் தலையை இடது பக்கம் சாய்த்து, "இதை என்கிட்ட சொன்னதுக்கு நன்றி. படுக்கிறதுக்கு முன்னாடி மொபைல் பார்க்காதீங்க, தூக்கம் நல்லா வரும்" என்றான். மேடம் தாராளமாகப் போட்டார். அடுத்து வந்த பெண், அவர் முடிப்பதற்குள் தானே விம்மி அழ ஆரம்பித்து, பெட்டியில் இருந்த டிஷ்யூவை எல்லாம் தீர்த்துவிட்டாள். இரக்கத்துக்கு மேல்வரம்பு உண்டு, இவள் அதைத் தாண்டிவிட்டாள் என்று புள்ளி சார் குறைத்துவிட்டார். அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாரும் காலிப் பெட்டியை நீட்டினார்கள். நீட்டியதற்கு மார்க் உண்டு, அவரும் ஒவ்வொரு முறையும் இல்லாத டிஷ்யூவை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்தக் கூத்தெல்லாம் அந்தப் பக்கம் நடக்க, இந்தப் பக்கம் தையல்காரம்மா வேறு வேலையில் இறங்கியிருந்தாள். அவர் ஒவ்வொரு தடவை ரத்தம் என்று சொல்லும்போதும் அவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். இரண்டாம் தடவை புருவம் துள்ளியது. அதை அடக்கினாள். அடுத்த தடவை உதடு கோணியது. அதையும் இழுத்துப் பிடித்தாள். கண் ஓரத்தில் ஒரு துடிப்பு அடங்க மறுத்தது. ஃபேன் விழுந்த அன்றைக்கு எப்படி உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவள் நடிக்கவில்லை, ஃபேன்மேல் அவளுக்கு அப்படி ஒன்றும் ஆசை இல்லை. இது அப்படியா? உள்ளே அழுகை முட்டிக்கொண்டு நின்றது. இருக்கட்டும், உள்ளேயே கிட என்று அதட்டி வைத்தாள். மேடை ஏறியவர் அவர், ஒத்திகை அவளுக்கு.

நடுவில் ஒரு பையன் வந்தான். சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளி மாற்றிப் போட்டிருந்தான். கைகுலுக்கவில்லை, தலையைச் சாய்க்கவில்லை, கேள்வியையும் தப்பும் தவறுமாகக் கேட்டான். ஆனால் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான். அவர் சொன்னார். பையன் பேனாவைக் கீழே வைத்தான்.

"சார், ஒரு நிமிஷம். இது கேஸா, நிஜமா?"

அவருக்கு விதி விதிதான். "புரியல டாக்டர்" என்றார்.

"நிஜம்னா நீங்க இங்க உக்காந்திருக்கக் கூடாது. கீழ ரெண்டாவது மாடியில பார்க்கிறாங்க. இன்னைக்கே போங்க. நான் பாஸானா என்ன, ஃபெயிலானா என்ன, போங்க சார்."

மேடம் பேனாவால் ஒரே கோடாகக் கிழித்தார். "ஜீரோ. பரீட்சைன்னு தெரிஞ்ச மாதிரி நடந்துக்கிட்டான்."

"பரீட்சைதானேங்க?" என்றாள் தையல்காரம்மா.

"ஆமா. ஆனா தெரியக் கூடாது."

அவள் தன் தாளில் ஐந்து என்று போட்டு, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி ஒரு வட்டமும் போட்டாள். மற்ற எல்லாருக்கும் அவள் போட்டிருந்தது பூஜ்யம். மூன்று பேர் சராசரியில் அந்த ஐந்து எந்த மூலைக்கும் காணாது என்று புள்ளி சார் ஆறுதலாகச் சொன்னார்.

கடைசி மாணவி போய்விட்டாள். கடைசித் தடவையாக அவர், "யார் மூஞ்சியப் போய்ப் பார்க்கிறது?" என்று கேட்டபோது கண்ணாடியில் அவள் முகம் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணின மாதிரி இருந்தது. மேடம் அவளையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. உங்களுக்கு இரக்கமே வரலையா? இவ்வளவு சொல்றார், மரம் மாதிரி உக்காந்திருக்கீங்க. பொதுமக்களும் கொஞ்சம் உருகணும். உங்களுக்கும் மார்க் இருக்கு, தெரியுமில்ல?"

"எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"அஞ்சுக்கு அரைதான் போட முடிஞ்சுது."

"ரொம்ப சந்தோஷங்க" என்றாள் தையல்காரம்மா. மனசாரத்தான் சொன்னாள். அந்த அரை மார்க்கைப் போல அவளுக்குத் தெம்பு கொடுத்தது வேறு எதுவும் இல்லை.

கதவைத் திறந்ததும் நடையில் அந்தப் பொத்தான் பையன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவள் நேரே அவனிடம் போனாள். "நிஜம்தான்பா" என்றாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை, தலையையும் சாய்க்கவில்லை. டோக்கன் போட கீழே ஓடினான்.

அவள் உள்ளே போனபோது வீட்டுக்காரர் காலி டிஷ்யூ பெட்டியை மேசையின் நடுவே சரியாக வைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிறல் ஓடி மறைந்தது.

"நீ எங்க இங்க?"

"சாப்பாட்ட மறந்துட்டு வந்தா வேற யார் கொண்டு வர்றது? பொதுமக்கள்ல ஆள் குறையுதுன்னு என்னைப் பிடிச்சு அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி உக்கார வெச்சுட்டாங்க."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவர்தான் தெரிந்தார். "எதுவரைக்கும் கேட்ட?"

"எல்லாத்தையும்தான் கேட்டேன். ஒரே மாதிரிதான் சொன்னீங்க. அந்த நெட்டையன்கிட்ட மட்டும் பெருமூச்சு கொஞ்சம் கட்டை" என்றாள். "எந்திரிங்க. ரெண்டாவது மாடியில டோக்கன் போட்டாச்சு. காட்டிட்டு வந்து சாப்பிடலாம், எனக்கு நாளைக்குக் குடுக்க வேண்டிய சட்டை அப்படியே கிடக்கு."

அவர் எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். எத்தனை மாணவர்களை எடை போட்ட கண்கள் அவை. புருவத்தைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், கண் ஓரத்தில் போய் ரொம்ப நேரம் நின்றார். அவள் பாட்டுக்கு அவர் காலரில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து எடுத்துத் துப்பினாள். "என்ன வேடிக்கை? கிளம்புங்க" என்றாள். அவர் எழுந்து அவள் பின்னால் நடந்தார்.

இரண்டாவது மாடியில் நீள பெஞ்சு. சுவரில் டோக்கன் எண் சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த கதவுக்குப் பின்னால் இருப்பது நிஜ டாக்டர். மணி அடித்தாலும் எழுந்து போக மாட்டார், அவர் சொல்வதை மாற்றிச் சொல்லச் சொல்லவும் முடியாது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுப் பை அவள் மடியில் இருந்தது.

"நல்லாப் பண்ற" என்றார் அவர், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

"என்னத்த?"

"அஞ்சுக்கு நாலரை."

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்ததிலேயே அதுதான் பெரிய மார்க். "அந்த அரை எதுக்குக் கொறச்சீங்க?"

அவர் மோவாயால் அவள் மடியைக் காட்டினார். பைக்குள் இருந்த ஸ்பூன் டிபன் டப்பாமேல் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் கையை மறந்துவிட்டிருந்தாள்.

"குடு, நான் வெச்சுக்கிறேன்" என்று அவர் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் மடியிலும் ஸ்பூன் சத்தம் நிற்கவில்லை. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்களுக்கும் நாலரைதான்" என்றாள் அவள்.